குண்டு எட்டும் தூரம்: போர் நகரங்களை வரைந்த விதம்

பாரிஸ் நகரத்தின் வரைபடத்தைப் பார்த்தால் ஊரைச் சுற்றி ஒரு பெரிய வட்டச் சாலை ஓடுவது தெரியும். 35 கி.மீ. நீளம். 1973-இல் கட்டி முடித்தார்கள். இந்தச் சாலை ஏன் சரியாக அந்த இடத்தில், அந்த வளைவில் போகிறது? நகரத்துக்கு வெளியே ஏற்கெனவே ஒரு வளையம் கட்டடமில்லாமல் கிடந்தது என்பதால்தான். 1841 முதல் 1844 வரை அங்கே ஒரு மதில் எழுப்பினார்கள். 94 கொத்தளங்கள், அதாவது பீரங்கி வைக்க மதிலில் இருந்து வெளியே துருத்தும் மேடைகள், கொண்ட மதில். அதற்கு வெளியே 250 மீட்டர் வரை யாரும் வீடு கட்டக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். பீரங்கிக்காரனின் பார்வையை ஒரு குடிசைகூட மறைக்கக் கூடாது என்பதே காரணம். ஆனாலும் ஏழைகள் அங்கே தகரத்தையும் பலகையையும் வைத்துக் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். 1919-க்குப் பிறகு மதிலை இடித்தார்கள். அந்த இடத்தில் செங்கல் அடுக்குமாடி வீடுகளும் விளையாட்டுத் திடல்களும் வந்தன. அப்புறம் இந்தச் சாலை வந்தது. இன்று அதில் கார் ஓட்டுபவர்கள் ஒரு பீரங்கிக் குண்டுக்காக ஒதுக்கிய நிலத்தில்தான் ஓட்டுகிறார்கள்.

போர் நகரத்தை அழிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதே போர்தான் தெருவின் அகலத்தையும், வீட்டின் உயரத்தையும், பூங்கா இருக்கும் இடத்தையும் முடிவு செய்திருக்கிறது என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள ராணுவ அறிவெல்லாம் வேண்டாம். எந்த நகரத்தைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: இதைக் கட்டிய காலத்தில் ஆயுதம் எவ்வளவு தூரம் எட்டியது? அம்பு எட்டும் தூரம், பீரங்கி எட்டும் தூரம், விமானம் எட்டும் தூரம் என்று அந்த அளவு மாற மாற நகரமும் மாறியிருக்கிறது.

அம்பின் காலம்

முதலில் மதிலில் இருந்து தொடங்குவோம். ஊரைச் சுற்றி உயரமாக ஒரு சுவர், அதற்கு வெளியே ஆழமாக ஓர் அகழி. இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் நேரான சுவருக்கு ஒரு குறை உண்டு. மதில் மேல் நிற்கும் வீரனுக்குத் தூரத்தில் வருபவன் நன்றாகத் தெரிவான். சுவரின் காலடியில் ஒட்டி நின்று கடப்பாரையால் கல்லைப் பெயர்ப்பவன் தெரிய மாட்டான். அவனைப் பார்க்கத் தலையை வெளியே நீட்ட வேண்டும். நீட்டினால் கீழே இருந்து அம்பு வரும். ஆக, மதிலின் அடிவாரம் காப்பவர்களுக்குக் குருட்டு இடம்.

இதற்குத்தான் மதிலில் இருந்து வெளியே துருத்தி நிற்கும் கோபுரங்களைக் கட்டினார்கள். கோபுரத்தில் நிற்பவன் பக்கவாட்டில் திரும்பி, மதிலின் முகத்தை ஒட்டியே அம்பு விடலாம். பக்கத்துக் கோபுரத்தில் இருப்பவன் எதிர்ப்பக்கத்தில் இருந்து விடுவான். இரண்டு பேரின் அம்பும் நடுவில் சந்திக்க வேண்டும். அப்படியானால் இரண்டு கோபுரங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? வில்தான்.

கான்ஸ்டான்டினோபிளின் நிலப்புற மதிலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். இன்றைய இஸ்தான்புல்லில் அதன் பெரும்பகுதி இன்னும் நிற்கிறது. பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில், 413-இல் அதன் உள்மதிலைக் கட்டினார்கள். ஏறத்தாழ 12 மீட்டர் உயரம், 5 மீட்டர் தடிமன், 96 கோபுரங்கள். கோபுரங்களுக்கு இடையே சுமார் 55 மீட்டர். பின்னர் அதற்கு முன்னால் இன்னொரு சிறிய மதில் வந்தது, அதற்கும் முன்னால் 20 மீட்டர் அகல அகழி. எதிரி ஒன்றைத் தாண்டினால் அடுத்தது காத்திருக்கும். 447-இல் நிலநடுக்கம் வந்து 57 கோபுரங்கள் சரிந்துவிட்டன. அட்டிலாவின் ஹூணர் படை எந்த நேரத்திலும் வரலாம் என்ற அச்சம். தேரோட்டப் பந்தயத்தில் எதிரெதிராகக் கூச்சல் போடும் இரண்டு ரசிகர் கூட்டங்களையும் வேலைக்கு அழைத்தார்கள். மக்கள் சேர்ந்து 60 நாளில் மதிலை நிமிர்த்திவிட்டார்கள். நகரம் ஒன்றாக நின்று தன்னைத்தானே கட்டிக்கொண்ட தருணங்களில் இது எனக்கு மிகவும் பிடித்தது.

மதில் கட்டச் செலவு அதிகம். நீளம் கூடக் கூடச் செலவும் கூடும், காவலுக்கு ஆளும் கூடும். அதனால் வளையத்தை முடிந்தவரை சிறிதாக வைப்பார்கள். உள்ளே மக்கள்தொகை பெருகும்போது ஊர் பக்கவாட்டில் விரிய முடியாது, மேலேதான் போக வேண்டும். பழைய மதில் நகரங்களில் சந்துகள் ஒடுங்கியும் வீடுகள் உயர்ந்தும் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம். வாசல்களை இரவில் அடைத்துவிடுவதால், வாசலுக்கு வெளியே தங்குமிடங்களும் சந்தையும் உருவாகும். தோல் பதனிடுவது போன்ற நாற்றமடிக்கும் தொழில்களையும் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடுவார்கள். மதில் மறைந்த பிறகும் வாசலின் பெயர் மட்டும் தங்கிவிடும். லண்டனில் ஆல்ட்கேட், மூர்கேட் என்று ரயில் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே இப்போது எந்த வாசலும் இல்லை.

மதிலுக்குள் அடைந்து கிடப்பதன் விலையை ஏதென்ஸ் மக்கள் மிகக் கடுமையாக அனுபவித்தார்கள். நகரத்தில் இருந்து பிரேயஸ் துறைமுகம் வரை ஆறு கி.மீ. தூரத்துக்கு இரண்டு பக்கமும் நீண்ட மதில்களை எழுப்பியிருந்தார்கள். நிலத்தில் ஸ்பார்ட்டா முற்றுகையிட்டாலும் கடல் வழியாகத் தானியம் வந்துவிடும். அருமையான திட்டம். போர் தொடங்கியதும் நாட்டுப்புற மக்களை எல்லாம் உள்ளே அழைத்தார்கள். கோயில்களிலும் மதில் இடுக்குகளிலும் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. கி.மு. 430-இல் கொள்ளைநோய் பரவியது. நோயில் இருந்து ஓடுவதற்கு இடமில்லை. அந்தத் திட்டத்தின் மூளையாக இருந்த பெரிக்ளிஸும் அடுத்த ஆண்டு இறந்துபோனார். எதிரியைத் தடுத்த அதே மதில்தான் மக்களை நோயோடு சேர்த்துப் பூட்டியது.

இதற்கு நேர்மாறாக ரோம். எதிரி நெருங்கவே முடியாது என்ற நம்பிக்கையில் அந்த நகரம் பழைய மதிலைத் தாண்டிப் பல நூற்றாண்டுகள் தாராளமாகப் பரவியது. 271-இல் பேரரசர் ஆரேலியன் 19 கி.மீ. நீளத்துக்குப் புது மதில் கட்டத் தொடங்கியபோது, அந்த நம்பிக்கை முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் புரிந்திருக்கும். அவசரத்தில் வழியில் இருந்த கட்டடங்களையும் மதிலுக்குள் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். செஸ்டியஸ் என்பவரின் பிரமிடு வடிவக் கல்லறை இன்றும் அந்த மதிலின் ஒரு துண்டாகவே நிற்கிறது.

பீரங்கி வந்த பிறகு

கான்ஸ்டான்டினோபிள் மதில் ஆயிரம் ஆண்டு தாங்கியது. 1453-இல் ஒட்டோமான் துருக்கியரின் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் பெரும் பீரங்கிகளோடு வந்தார். அவற்றில் ஒன்றை ஓர்பான் என்ற ஹங்கேரியர் வார்த்துக் கொடுத்தார். அரை டன்னுக்கும் மேல் எடையுள்ள கல் குண்டை அது வீசியது. பகலில் மதில் உடையும். இரவில் காப்பவர்கள் மண்ணையும் மரத்தையும் கொட்டி உடைப்பை அடைப்பார்கள். 53 நாள் இப்படியே போனது. மே 29 அன்று நகரம் வீழ்ந்தது.

அந்த இரவு வேலையில் ஒரு பாடம் இருந்தது. கல் சுவரில் குண்டு பட்டால் அது நொறுங்கும். மண் மேட்டில் பட்டால் குண்டு புதைந்துகொள்ளும். உயரமான கல் மதில், ஏணி வைத்து ஏறுபவனுக்குத்தான் தடை. பீரங்கிக்கு அது தவறவே முடியாத இலக்கு. இத்தாலிய நகரங்கள் இதை 1494-க்குப் பிறகு வலியோடு கற்றுக்கொண்டன. அந்த ஆண்டு பிரான்ஸின் எட்டாம் சார்லஸ், சக்கரம் பூட்டிய வெண்கலப் பீரங்கிகளோடும் இரும்புக் குண்டுகளோடும் உள்ளே வந்தார். பல ஆண்டு முற்றுகையைத் தாங்கும் என்று நம்பிய கோட்டைகள் சில மணி நேரத்தில் விழுந்தன.

அதற்குப் பதிலாக வந்த கோட்டையை வானில் இருந்து பார்த்தால் நட்சத்திரம் மாதிரி இருக்கும். அழகுக்காக யாரும் அப்படிக் கட்டவில்லை. அந்த வடிவம் எப்படி வந்தது என்று ஒரு தாளில் நீங்களே வரைந்து பார்க்கலாம். ஒரு வட்டக் கோபுரம் வரையுங்கள். அதன் இருபுறமும் உள்ள கோபுரங்களில் இருந்து அதன் முகத்தை நோக்கி நேர்க்கோடுகள் இழுங்கள். வட்டத்தின் முன்னால் ஒரு சிறிய முக்கோணம் எந்தக் கோட்டிலும் படாமல் மிஞ்சும். பழைய குருட்டு இடம்தான் அது. எதிரி அங்கே ஒளிந்துகொண்டு சுரங்கம் தோண்டுவான். இப்போது அந்த முக்கோணத்தையும் கோட்டைக்குள் சேர்த்துவிடுங்கள். வட்டம் போய்க் கூர்முனை வரும். முனையின் இரண்டு முகங்களும் பக்கத்துக் கொத்தளங்களின் குண்டுப் பாதைக்கு ஒட்டினாற்போல அமையும். ஒளிந்துகொள்ள இனி இடமே இல்லை. கோட்டை கொத்தளம் என்று நாம் சேர்த்தே சொல்கிறோமே, அந்தக் கொத்தளத்தின் உச்சகட்ட வடிவம் இதுதான்.

உயரமும் குறைந்தது. மதிலைத் தாழ்த்தி, உள்ளே மண்ணை நிரப்பித் தடிமனாக்கினார்கள். அகழியை மிக அகலமாக வெட்டினார்கள். அகழிக்கு வெளியே நிலத்தை மெதுவான சரிவாகச் சீவினார்கள். தூரத்தில் இருந்து பார்க்கும் எதிரிக்குப் புல்வெளி மட்டும் தெரியும், மதிலின் உடம்பு தெரியாது. கிட்டே வந்தால் மேலே இருக்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அவன் வெட்டவெளியில் நிற்பான்.

இந்தக் கணிதத்தை ஒரு முழு நகரமாகவே கட்டிப் பார்த்தது வெனிஸ். 1593-இல் தொடங்கிய பால்மனோவா ஒன்பது முனைகள் கொண்ட நட்சத்திரம். நடுவில் அறுகோணச் சதுக்கம், அங்கிருந்து கொத்தளங்களை நோக்கி ஆரக்கால் போலத் தெருக்கள். படையை எந்த முனைக்கும் சீக்கிரம் அனுப்பலாம். போர்க் கண்ணால் பார்த்தால் குறையே இல்லை. ஆனால் வாழ வருவதற்கு மக்கள் முன்வரவில்லை. ஆட்களைச் சேர்க்க, 1622-இல் கைதிகளுக்கு மன்னிப்பும் நிலமும் கொடுத்து அங்கே குடியேற்றியதாகச் சொல்வார்கள். குண்டின் பாதையைக் கணக்கிட்டவர்கள், ஒரு மனிதன் காலையில் எழுந்து ஏன் அந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதைக் கணக்கிடவில்லை.

செலவும் பயங்கரம். சியெனா குடியரசு 1550-களில் தன்னைச் சுற்றி இப்படிப்பட்ட அரண்களைக் கட்டத் தொடங்கியது. பணம் அதிலேயே கரைந்தது. எதிரி வந்தபோது படை வைத்துக்கொள்ளக் காசில்லை. 1555-இல் சரணடைந்து, தன் சுதந்திரத்தையே இழந்தது.

இந்தக் கலையின் பெரிய ஆசான் என்றால் பிரான்ஸின் வோபான். பதினான்காம் லூயியின் பொறியாளர். நாட்டின் எல்லை முழுவதும் கோட்டைகளைக் கட்டினார், பழையவற்றைத் திருத்தினார். கோட்டையைப் பிடிப்பதிலும் அவரே கெட்டிக்காரர். 1673-இல் மாஸ்ட்ரிக்ட் முற்றுகையில், கோட்டைக்கு இணையாக வரிசை வரிசையாகப் பதுங்குகுழிகளை வெட்டி, வளைந்து நெளிந்து நெருங்கும் முறையைக் கையாண்டார். இரண்டு வாரத்துக்குள் கோட்டை கைக்கு வந்தது. அவர் கட்டிய எண்கோண நகரமான நூஃப்-பிரிசாக் இன்றும் அப்படியே இருக்கிறது. அவருடைய 12 அரண்களை 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது.

வெட்டவெளி தந்த பரிசு

நட்சத்திரக் கோட்டையைவிட, அதைச் சுற்றிக் கிடந்த வெறும் நிலம்தான் இன்றைய நகரங்களை அதிகம் மாற்றியிருக்கிறது என்பது என் கருத்து. பீரங்கி சுட வேண்டுமானால் முன்னால் எதுவும் இருக்கக் கூடாது. இந்த ஒரே விதி, நகரத்தின் நடுவே யாரும் வாங்க முடியாத, விற்க முடியாத, கட்ட முடியாத நிலத்தை நூற்றாண்டுக் கணக்கில் பாதுகாத்துவிட்டது.

நெதர்லாந்தில் 1853-இல் போட்ட சட்டத்தைப் பாருங்கள். கோட்டையைச் சுற்றி மூன்று வளையங்கள். முதல் 300 மீட்டருக்குள் வீடு கட்டினால் மரத்தால் மட்டுமே கட்டலாம். அடுத்த வளையத்தில் அடித்தளமும் புகைபோக்கியும் மட்டும் கல்லாக இருக்கலாம். எதிரி வருகிறான் என்றால் உடனே கொளுத்திவிட வேண்டும், அதற்காகத்தான். தன் வீடு என்றாவது ஒரு நாள் தன் படையே எரிக்கப்போகும் வீடு என்று தெரிந்தே மக்கள் அங்கே குடியிருந்தார்கள். அந்த மர வீடுகளில் சில இன்னும் நிற்கின்றன.

கல்கத்தாவில் 1756-இல் வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா ஆங்கிலேயரின் பழைய வில்லியம் கோட்டையைப் பிடித்தார். ஆங்கிலேயர் நகரத்தை மீட்ட பிறகு 1758-இல் புதுக் கோட்டையைத் தொடங்கினார்கள். சுடுவதற்கு வெளி வேண்டும் என்று சுற்றிலும் காட்டையும் குடியிருப்பையும் அகற்றினார்கள். அந்த வெளிதான் இன்று மைதான் என்று அழைக்கப்படும் மாபெரும் புல்வெளி. கூட்டங்கள், கால்பந்து, காலை நடை எல்லாம் அங்கேதான். நிலம் இன்றும் ராணுவத்தின் பொறுப்பில் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட வியன்னாவின் கதை முழுமையானது. அந்த ஊரே ஒரு ரோமானியப் படை முகாமாகத் தொடங்கியதுதான். நகர மையத்தில் உள்ள பிரபலமான கடைத்தெருவின் பெயர் கிராபென். ஜெர்மன் மொழியில் அகழி என்று பொருள். ரோமானிய முகாமின் அகழி ஓடிய இடம் அது. 1529-இலும் 1683-இலும் துருக்கியப் படை வியன்னாவை முற்றுகையிட்டது. அதற்குப் பிறகு மதிலைச் சுற்றியிருந்த வெட்டவெளியை சுமார் 450 மீட்டர் அளவுக்கு அகலமாக்கினார்கள். உள்ளே அடைத்துக்கொண்டு கிடக்கும் பழைய நகரம், நடுவில் காலி வளையம், அதற்கு வெளியே புறநகர்கள். ஆபத்து குறைந்த காலத்தில் அந்த வளையத்தில் மரம் நட்டார்கள், மக்கள் உலாவப் போனார்கள். 1857 டிசம்பரில் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் மதிலை இடிக்க ஆணையிட்டார். ஐரோப்பாவின் ஒரு தலைநகரத்தின் நட்டநடுவில் இவ்வளவு பெரிய நிலம் ஒரே நாளில் கிடைத்தது. 57 மீட்டர் அகலத்தில் ரிங் சாலை போட்டார்கள். அதன் ஓரமாக ஓபரா, நாடாளுமன்றம், பல்கலைக்கழகம், நகர மன்றம், அருங்காட்சியகங்கள். இன்று வியன்னா என்றதும் நம் கண்முன் வரும் காட்சியில் பெரும்பகுதி அந்தச் சுடுவெளியில் எழுந்ததுதான்.

பூலிவார்டு என்ற சொல்லும் இங்கே இருந்துதான் வருகிறது. மரம் வரிசையாக நிற்கும் அகலமான சாலையை அப்படி அழைக்கிறோம். டச்சு மொழியில் கொத்தளத்தைக் குறித்த போல்வெர்க் என்ற சொல் பிரெஞ்சுக்குப் போய்ப் பூலிவார்டு ஆனது. 1670-இல் பதினான்காம் லூயி பாரிஸின் பழைய மதிலை எடுத்துவிட்டு, அந்த மேட்டில் மரம் நட்டு உலாச் சாலை ஆக்கினார். இடம் மாறவில்லை, பெயரும் மாறவில்லை, வேலை மட்டும் மாறியது.

பீரங்கி உள்ளே திரும்பியபோது

மதில் எப்போதும் வெளி எதிரிக்காக மட்டும் இல்லை. ஊரின் ஒரு மூலையில், மதிலோடு ஒட்டி, தனியாக ஒரு சிறிய வலுவான கோட்டை இருந்தால் அதன் பீரங்கிகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கவனியுங்கள். பல நேரம் ஊரையே பார்க்கும்.

பார்சிலோனா 1714-இல் ஸ்பெயினின் பூர்போன் வம்ச மன்னரின் படையிடம் வீழ்ந்தது. வென்றவர்கள் அங்கே ஐந்து முனைக் கோட்டை ஒன்று கட்டினார்கள். நகரம் மறுபடி எழக் கூடாது, அதற்காக. இடம் வேண்டும் என்று ரிபெரா என்ற பகுதியில் ஆயிரம் வீடுகள் அளவுக்கு இடித்தார்கள். குடியிருந்தவர்களையே தங்கள் வீட்டை இடிக்க வைத்தார்கள். அதோடு முடியவில்லை. நகரத்தின் மதிலுக்கு வெளியே, பீரங்கி எட்டும் தூரம் வரை கட்டடம் கட்டத் தடை இருந்தது. தொழிற்சாலைகள் வந்து மக்கள் குவிந்த காலத்திலும் அந்தத் தடை நீங்கவில்லை. மதிலுக்குள் மூச்சு முட்டியது, காலரா திரும்பத் திரும்ப வந்தது. 1854-இல்தான் மதிலை இடிக்க அனுமதி கிடைத்தது. அந்தக் காலி நிலத்துக்காக செர்டா என்ற பொறியாளர் 1859-இல் போட்ட திட்டம்தான் முனை வெட்டிய சதுரங்களாக விரியும் இன்றைய பார்சிலோனா. ஒவ்வொரு வீட்டுக்கும் வெயிலும் காற்றும் வர வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். எத்தனை தலைமுறைகள் அடைந்து கிடந்த ஊர் என்று தெரிந்தால் அந்தப் பிடிவாதம் புரியும். வெறுக்கப்பட்ட அந்தக் கோட்டை இன்று பூங்கா. சியுதடெய்யா, அதாவது கோட்டை என்ற பெயர் மட்டும் அதற்குத் தங்கிவிட்டது. இடித்த தெருக்களின் அடித்தளங்கள் பக்கத்திலேயே ஒரு பழைய சந்தைக் கூரையின் கீழ் வெளிப்பட்டுக் கிடக்கின்றன.

பாரிஸில் 1853 முதல் நகர நிர்வாகி ஓஸ்மான் வெட்டிய அகலச் சாலைகளையும் இங்கே சொல்ல வேண்டும். 1830-இலும் 1848-இலும் மக்கள் குறுகிய தெருக்களில் தடுப்பரண் போட்டு அரசை ஆட்டிவைத்தார்கள். அகலமான நேர் சாலையில் தடுப்பரண் போடுவது கடினம், படையை நகர்த்துவது எளிது. கலகத்துக்காக மட்டுமே அந்தச் சாலைகள் வந்தன என்று சொல்வது மிகை. கழிவுநீர், குடிநீர், போக்குவரத்து எல்லாம் அதில் இருந்தன. ஆனால் பாசறைகளை எங்கே வைத்தார்கள், சாலைகள் எங்கே சந்திக்கின்றன என்று பார்த்தால் ராணுவக் கணக்கும் இருந்தது தெரியும்.

தூரம் கையை மீறியது

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பீரங்கி பல கி.மீ. சுடத் தொடங்கியது. மதிலில் நின்று தடுத்தால் குண்டு தலைக்கு மேல் பறந்து நகரத்தில் விழும். 1871 ஜனவரியில் ஜெர்மானியரான பிரஷ்யர்கள் பாரிஸின் மதிலுக்கு மேலாகவே வீடுகளைத் தாக்கினார்கள். எனவே காவல் நகரத்தை விட்டு வெளியே நகர்ந்தது. மதிலுக்குப் பதில், நகரத்துக்குப் பல கி.மீ. வெளியே தனித்தனிக் கோட்டைகளின் வளையம். பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தைச் சுற்றி பிரியால்மான் என்ற பொறியாளர் 1888 முதல் 12 கான்கிரீட் கோட்டைகளைக் கட்டினார். 1914 ஆகஸ்டில் ஜெர்மானியர் 42 செ.மீ. குழாய் கொண்ட பீரங்கியைக் கொண்டுவந்தார்கள். ஆகஸ்ட் 15 அன்று, அவற்றில் ஒன்றான லோன்சின் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கில் குண்டு இறங்கியது. உள்ளே இருந்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் அங்கேயே புதைந்தார்கள். அந்த இடம் இன்றும் கல்லறைதான்.

1918-இல் 120 கி.மீ. தொலைவில் இருந்து பாரிஸ் மீது குண்டு விழுந்தது. அதற்குள் விமானமும் வந்துவிட்டது. நகரத்துக்கு இனி விளிம்பே இல்லை. எந்த இடத்தில் மதில் கட்டுவது?

இரண்டாம் உலகப் போரில் மதில் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் போனது. 1940-இல் லண்டன் மக்கள் சுரங்க ரயில் நிலையங்களின் நடைமேடைகளில் படுத்துத் தூங்கினார்கள். வியன்னாவில் ஜெர்மானியர் விமான எதிர்ப்புக் கோபுரங்கள் ஆறு கட்டினார்கள். சுவர் 3.5 மீட்டர் வரை தடிமன். போருக்குப் பிறகு அவற்றை வெடி வைத்துத் தகர்த்தால் சுற்றியுள்ள வீடுகளும் போய்விடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். ஒன்றில் இப்போது மீன் காட்சியகம் இருக்கிறது.

ஹிரோஷிமாவைப் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது. ஜப்பானிய நகரங்களில் மர வீடுகள் நெருக்கமாக இருந்தன. தீக்குண்டு விழுந்தால் நெருப்பு பரவாமல் இருக்க, வீடுகளை இடித்து அகலமான காலிப் பட்டைகளை உண்டாக்கினார்கள். 1945 ஆகஸ்ட் 6 காலையில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் திறந்த வெளியில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். அணுகுண்டு விழுந்தது அப்போதுதான். அந்தப் பட்டைகளில் ஒன்று பிறகு 100 மீட்டர் அகலச் சாலையானது. அமைதிப் பெருஞ்சாலை என்று பெயர்.

திரும்பக் கட்டும்போது

எல்லாம் போன பிறகு எதைக் கட்டுவது என்பதற்கு நகரங்கள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரில் போலந்தின் தலைநகர் வார்சாவின் 85 சதவீதம் அழிந்தது. தங்கள் ஆக்கிரமிப்பை எதிர்த்து மக்கள் நடத்திய 1944 எழுச்சிக்குப் பிறகு ஜெர்மானியர் தெருத் தெருவாக வெடி வைத்தார்கள். போலந்து மக்கள் பழைய நகரத்தை இருந்தபடியே எழுப்ப முடிவு செய்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பெலோட்டோ என்ற ஓவியர் வரைந்த நகரக் காட்சிகளும், கட்டடக்கலை மாணவர்கள் போருக்கு முன் எடுத்த அளவுகளும் கை கொடுத்தன. இடிபாட்டுச் செங்கற்களையே மறுபடி பயன்படுத்தினார்கள். இது போலி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் ஊரை இல்லாமல் ஆக்க வேண்டும் என்று ஒருவன் திட்டமிட்டு அழித்தால், அதை அப்படியே நிறுத்துவதுதான் அவனுக்கு நேரான பதில்.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் வேறு வழியில் போனது. 1940 மே 14 அன்று ஜெர்மானியரின் குண்டுவீச்சில் நகர மையம் எரிந்தது. அங்கே பழையதைத் தேடவில்லை. 1953-இல் லைன்பான் என்ற தெருவைத் திறந்தார்கள். கார் நுழையாத, நடப்பவர்களுக்கு மட்டுமான கடைத்தெரு. பின்னர் பல நாடுகள் அதைப் பின்பற்றின. எரிந்த பகுதியின் எல்லை எது என்று தெரியும்படி நடைபாதையில் சிவப்பு விளக்குகளைப் பதித்திருக்கிறார்கள்.

சில ஊர்களில் போர் முடியாமல் பாதியில் நிற்கிறது. சைப்ரஸின் நிகோசியாவில் வெனிஸ்காரர்கள் 1567-இல் 11 கொத்தளங்களோடு ஒரு வட்ட மதில் கட்டினார்கள். வட்டத்துக்கு வெளியே மிஞ்சிய வீடுகளையும் தேவாலயங்களையும் இடித்துத் தள்ளினார்கள். 1570-இல் ஒட்டோமான் படை ஏழு வாரத்தில் அதைப் பிடித்துவிட்டது. 1963-இல் அந்த வட்டத்தின் குறுக்கே ஒரு பிரிட்டிஷ் தளபதி வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் கோடு போட்டார். கிரேக்கர் ஒரு பக்கம், துருக்கியர் மறு பக்கம். கோடு இன்றும் இருக்கிறது. 1974-க்குப் பிறகு அதன் இடையில் பூட்டிய கடைகளும் இடிந்த வீடுகளுமாக ஒரு காலிப் பட்டை. முக்கியக் கடைத்தெருவில் 2008-இல்தான் நடந்து கடக்க வழி திறந்தது.

இப்போது நகரங்கள் கீழே போய்க்கொண்டிருக்கின்றன. சுவிட்சர்லாந்து 1960-களில் இருந்தே வீடு கட்டுபவர்களைப் பதுங்கறையும் சேர்த்துக் கட்டச் சொல்கிறது. ஹெல்சின்கியில் பாறைக்குள் குடைந்த நீச்சல் குளம் ஒன்று, போர் வந்தால் புகலிடமாக மாறும். உக்ரைனின் கார்கிவ் நகரம் ரஷ்ய எல்லையில் இருந்து சுமார் 30 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. அங்கே ஏவுகணை வருவதற்குள் பதுங்கிக்கொள்ள நேரம் போதாது. 2023 செப்டம்பரில் சுரங்க ரயில் நிலையங்களில் வகுப்பறைகளைத் திறந்தார்கள். அடுத்த ஆண்டு, முழுக்க நிலத்தடியிலேயே அமைந்த ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள். அந்த வகுப்பறைகளுக்குச் சன்னல் கிடையாது.